ஆறாம் குழியின் மேற்குச் சுவர்

அது கோடுதானா, இல்லை தன் வயிற்றெரிச்சல்தான் போய் மண்சுவரில் ஒட்டிக்கொண்டு நெளிகிறதா என்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழிக்குள் இறங்கி உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷத்திலிருந்து முப்பிடாதிக்குப் பிடிபடவே இல்லை. மடியில் பலகை, பலகையில் கட்டம் போட்ட தாள், காதில் செருகின பென்சில், சுவரின் குறுக்கே மட்டம் பார்த்துக் கட்டின நூல், நூலிலிருந்து தொங்கும் டேப். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அவள் புத்தி மட்டும்தான் இல்லை. பல்கலைக்கழகத்துத் தொல்லியல் துறையில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் டிராப்ட்ஸ்மேன். பெண்பிள்ளையாக இருந்தாலும் ஆர்டரில் மேன் என்றுதான் போட்டிருக்கிறது. எவர் தோண்டினாலும் தோண்டி முடித்த குழியின் சுவரை அவள்தான் வரைய வேண்டும், எந்த மண் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் என்ன குறுக்கிட்டது என்று. வரைந்து முடித்ததும் குழியை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் தாளில் இருப்பதுதான் குழி, தாளில் இல்லாததை எவனாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கு அவள் முன்னால் நிற்பது பெனிட்டாவின் குழி. ஆமாம், அந்தப் பெனிட்டாவின் குழியேதான், ஆறாம் நம்பர், மூன்றே மூன்று உடைந்த பானை ஓடு கிடைத்து நாலு நாளாக ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்துக் கூத்தாடுகிற குழி. நாலரை மணிக்கு மண் தள்ள வந்துவிடுவார்கள். காலையில் படகு வந்துவிடும். இப்போது மணி இரண்டு.

சுவர் என்னவோ சுலபமான சுவர்தான். மேலே கருப்பு மண் முப்பது சென்டிமீட்டர், வேரும் இலையுமாக. அதன் கீழே பழுப்பு மண், சிப்பியும் ஓடும் கலந்து, எழுபது வரை. அதன் கீழே சாம்பல், எழுபதிலிருந்து நூற்றிப் பதினெட்டு வரை, மாவு சலித்துக் கொட்டின மாதிரி சுத்தமாக. இந்த எரிமலை எப்போதோ ஒரு நாள் வாய்விட்டுக் கக்கின சாம்பல். அதற்கும் கீழே செம்மண், அந்தச் செம்மண்ணில் நூற்றி முப்பதில் அந்த மகராசியின் மூன்று ஓடுகள். சாம்பலுக்குக் கீழே ஓடு என்றால் மலை வெடிப்பதற்கு முந்தியே இங்கே ஆள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போர்ட் பிளேயரிலிருந்து படகில் ஒண்ணரை நாள், நாலு பக்கமும் கடல், நடுவில் கருப்பாக ஒரு மலை, உச்சியில் ஈர விறகை வைத்து ஊதுகிற மாதிரி ஓயாத புகை, வாயில் நுழையாத அரசாங்கப் பெயரை விட்டுவிட்டு இவர்களே கரிச்சட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட இந்தத் தீவில், குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை அளந்து அளந்து குடித்துக்கொண்டு, பதினாறு நாளாக எட்டு சோதனைக் குழி போட்டது அந்த ஒரு கேள்விக்காகத்தான். சோற்றில் கந்தக வாடை, தலைமுடியில் அந்த வாடை, தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே அது. பதில் கிடைத்துவிட்டது, கிடைத்தது பெனிட்டாவுக்கு. இருபத்தொன்பது வயசு, குளச்சல்காரி, துறையில் ஆராய்ச்சி செய்கிறவள், இதற்கு முன்னால் மொத்தமே இரண்டு இடத்தில்தான் மண்வெட்டியைத் தொட்டிருக்கிறாள். முப்பிடாதி மூன்றாம் குழியை நினைக்கக் கூடாது என்று காலையிலேயே தீர்மானம் செய்திருந்தாள். சாம்பலைப் பார்த்ததும் நினைத்துவிட்டாள்.

மூன்றாம் குழி அவளுடையது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு குழி. ஆள் குறைவு, அதனால் சார் போனால் போகிறதென்று கொடுத்தார். சார் என்றால் சிவசைலம் சார், துறைத் தலைவர். கருப்பு மண், பழுப்பு மண், எண்பத்திரண்டில் வெள்ளை வெளேரென்று சாம்பல். ஓடு இல்லை, கரி இல்லை, ஒரு சிப்பி இல்லை. கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தாள், நாலு மூலையிலும் தட்டினாள். தாமிரபரணிக் கரையில் எத்தனை குழி பார்த்திருக்கிறாள், இப்படிச் சுத்தமாக ஒரு மண் வந்தால் அதற்குப் பெயர் கன்னிமண், மனுஷன் காலே படாத மண், அதோடு தோண்டுவதை நிறுத்திவிட வேண்டியதுதான். ஆற்றங்கரையில் படித்த பாடத்தைக் கொண்டுவந்து எரிமலை மேல் ஒப்பித்தாள். "கன்னிமண் வந்துட்டு சார்!" என்று குழிக்குள்ளிருந்து கத்தினாள், எவ்வளவு பெருமையாகக் கத்தினாள், அந்தச் சத்தம் இப்போதும் காதுக்குள்ளே கூசுகிறது. சார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "முப்பிடாதி சொன்னா சரியாத்தான் இருக்கும், மூடிரு" என்றார். துறையில் ஒரு வழக்கம் உண்டு. குழியை மூடுமுன் அடியில் அந்த வருஷத்து ஒரு ரூபாய்க் காசு ஒன்றைப் போடுவார்கள், நாளைக்கு வேறு எவனாவது தோண்டினால் இதுவரைக்கும் ஒருத்தர் வந்து போயிருக்கிறார் என்று தெரியட்டும் என்பதற்காக. அவளும் போட்டாள், தலைப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி நேராக வைத்தாள். அதற்கு இரண்டாம் நாள் இந்தப் பெனிட்டா, சாம்பல் என்றால் இன்னதென்று தெரியாமலே, நிறுத்த வேண்டும் என்றுகூடத் தெரியாமலே, "இன்னும் கொஞ்சம் பாப்போமே சார்" என்று அதைக் குடைந்துகொண்டு இறங்கிவிட்டாள். நாலு அடிக்குப் பக்கத்தில் இறங்கி நின்று ஓட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். முப்பிடாதியின் காசோ அங்கே சாம்பல் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்றைக்காவது ஒருத்தன் தோண்டி அதை எடுப்பான், இன்னும் ஒரு முழம் கீழே போவான், போய்ப் பார்த்துவிட்டு, எந்தக் கூறுகெட்டது இங்கே காசைப் போட்டுவிட்டு ஏறிப் போனது என்று சிரிப்பான். சிரிக்கட்டும், அவன் சிரிக்கும்போது நாம் இருக்கவா போகிறோம். ஆனால் இப்போது சார் சிரிக்காமல் இருக்கிறாரே, அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். நீ ஏன் நிறுத்தினாய் என்று கேட்டிருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருக்கலாம். முந்தியெல்லாம் வெளியூர்ப் பேராசிரியர் எவர் வந்தாலும், "எனக்கு வயசாயிட்டு, என் கண்ணு முப்பிடாதிட்டல்லா இருக்கு" என்று சொல்லுவார், அவள் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்காத மாதிரி இருப்பாள், அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இடமே கிடைக்காவிட்டாலும் கால் வலிக்காது. போன புதன்கிழமை அந்தச் சாட்டிலைட் போனில் யாரிடமோ கத்திப் பேசினார். "ஆமா, பெனிட்டா. சின்னப் பிள்ளைதான். அதுக்கு மண்ணுல ஒரு மூக்கு இருக்கு பாத்துக்கிடுங்க." மூக்காமே! கண்ணைவிட மூக்கு எப்போதிலிருந்து பெரிசாகிப் போனது? அன்றைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் களைந்த தண்ணீரோடு அரிசியில் பாதியையும் கொட்டிவிட்டாள். இவளாவது ஒரு திமிர் பிடித்தவளாக, அலட்டிக்கொள்கிறவளாக இருந்திருக்கக் கூடாதா, எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். படகில் வரும்போது முப்பிடாதி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள், நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டவள் பெனிட்டாதான், வாயில் இஞ்சி மிட்டாய் போட்டதும் அவள்தான். எக்கா எக்கா என்று உயிரை விடுகிறாள். அந்த எக்காவைக் கேட்டாலே இப்போது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. பத்தாம் வகுப்பில் கோமு என்று ஒருத்தி இருந்தாள், அவளும் இப்படித்தான், நல்லவள். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் தவளையும் இருதயமும் முப்பிடாதி வரைந்து கொடுத்தாள், அடுத்தடுத்த நாளில் ஒரே பென்சிலால் தன்னுடையதிலும் வரைந்தாள். கோமுவுக்கு இருபதுக்கு இருபது, இவளுக்குப் பத்தொன்பது. டீச்சர் சொன்ன காரணம் என்ன, நிழல் கொஞ்சம் கூடிப்போச்சாம். கோமு அழுதாள், "என் மார்க்க நீ எடுத்துக்கோட்டி" என்று அழுதாள், அந்த அழுகைக்காகவே அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. முப்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னொருத்தியின் பெருமைக்குப் படம் போடுவதுதான் தலையெழுத்து போலிருக்கிறது. இந்தா, இன்றைக்கும் அதே பென்சில்.

ஆனால் கோடு இருக்கிறதே. பழுப்பு மண்ணின் அடியிலிருந்து, டேப்புக்கு வலது பக்கம், சாம்பலுக்குள்ளே சரிவாக ஒன்று இறங்குகிறது. மூன்று விரல் அகலம். நேராகப் பார்த்தால் இல்லை, கொஞ்சம் தலையைச் சாய்த்தால் இருக்கிறது. நண்டு வளை. இந்தத் தீவில் கரையை விட்டு மேலே ஏறி வந்து மண்ணைக் குடைகிற நண்டுகள் உண்டு, கூடாரத்துக்குள்ளேயே இரண்டு வந்தன, முழங்கை ஆழத்துக்கு மேலேயும் தோண்டும் சனியன்கள். என்றைக்கோ ஒரு நண்டு மேலேயிருந்து குடைந்துகொண்டு செம்மண் வரை போயிருந்தால், அந்த வளை வழியாக மேல்மண்ணும் மேல்மண்ணில் கிடந்த ஓடும் கீழே விழுந்திருந்தால், அப்புறம் வளை தூர்ந்து மூடிக்கொண்டிருந்தால், முடிந்தது கதை. மூன்று ஓடும் மலை வெடித்ததற்கு அப்புறம் வந்தவை. பழுப்பு மண்ணில் கிடைத்த ஓடும் இந்த மூன்றும் ஒரே தடிமன், ஒரே சிவப்பு. சார் அதற்கு, "முந்தியும் பிந்தியும் ஒரே சனங்கதான்" என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். கோட்டைப் பார்த்ததும் முப்பிடாதிக்கு வந்தது சந்தோஷம். வேறென்ன சொல்ல, மறைத்து என்ன ஆகப்போகிறது, குளிர்ந்த மோரைக் குடித்த மாதிரி நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை இறங்கினது. அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்திவிட்டது. இத்தனை நாள் சுவரைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்ததில்லை, துக்கமும் வந்ததில்லை, மண் மண்ணாகத்தான் இருந்தது. கண்ணை இறுக்கி மூடினாள். பத்து எண்ணித் திறந்தாள். இருக்கிறது. எழுந்து வந்து இடது பக்கத்திலிருந்து பார்த்தாள். இல்லை. தண்ணீர் பீச்சுகிற குப்பியை எடுத்துச் சுவரில் புஸ் புஸ்ஸென்று அடித்தாள். ஈரத்தில் எல்லா மண்ணும் கருத்துப்போய்க் கோடு காணாமல் போய்விட்டது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அப்புறம் காய்ந்தது. சாம்பல் முதலில் வெளுத்தது. அந்த மூன்று விரல் அகலம் மட்டும் ஈரம் விடாமல் நின்றது. மறுபடி அடித்தாள், மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது. வளைக்குள் விழுந்த மேல்மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், சாம்பல் பிடிக்காது, இது அவளுக்குத் தெரியாததா. இதில் சந்தேகப்படக் குருடிக்குக்கூட இடமில்லை.

ஆக, இருக்கிறது. சரி, வரைவதுதானே? வரைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். சார் தாளை வாங்குவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார், அந்தக் கோட்டில் விரலை வைப்பார், அப்புறம் தாளை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். ஒன்றும் பேச மாட்டார். தன் குழியைக் கோட்டை விட்டவள், அடுத்தவள் குழியில் நண்டு வளை கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்தப் பார்வையிலேயே இருக்கும். தப்பும் இல்லையே, உள்ளே இவள் வயிறு எரிவது நிஜம்தானே. ஓடு மூன்றும் விழுந்தது என்றாகிவிட்டால், சாம்பலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, மூன்றாம் குழியை நிறுத்தினதும் குற்றமில்லை, காசும் கிடக்க வேண்டிய இடத்தில்தான் கிடக்கிறது. இவ்வளவு லாபம் தனக்கு இருக்கிற ஒரு கோட்டை எந்த மூஞ்சியோடு வரைவது? வேண்டாம். வரைய வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் பேர் கிடைக்கட்டும். இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் பெரிசான மாதிரி இருந்தது, பரவாயில்லையே நாம் என்று தோன்றினது, கிடுகிடுவென்று வரைந்தாள், கருப்பு, பழுப்பு, சாம்பல், செம்மண், ஒவ்வொரு இருபது சென்டிமீட்டருக்கும் டேப்பைப் பிடித்துப் புள்ளி வைத்து, புள்ளியைச் சேர்த்து. டேப்புக்கு வலது பக்கம் வந்தபோது கை சாம்பலை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம்தான், பென்சிலைச் சீவும்போது, இன்னொன்று தலையைத் தூக்கினது. இன்றைக்கு விட்டுவிட்டால் என்ன, சுவரை எடுத்த போட்டோ இருக்கிறதே. நாளைக்கு இது கட்டுரையாக வரும், டெல்லியில் மேடை போட்டுப் பெனிட்டா பேசுவாள், பின்வரிசையிலிருந்து எவனாவது ஒருத்தன் எழுந்து, அந்தச் சாம்பலில் சரிவாகத் தெரிகிறதே அது என்ன அம்மா என்று கேட்பான். அப்போது தெரியும் மூக்கின் லட்சணம். சே! என்ன ஜென்மம் இது! சீவின தூள் மடியெல்லாம் கொட்டினது, தட்டிவிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். பெரிய மனசு என்று ஐந்து நிமிஷம் முன்னால் நினைத்தது இதைத்தானா? வரைந்தால் இந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கே அந்தப் பிள்ளையைக் கடிக்கும், விட்டால் பத்திரமாக வளர்ந்து ஒரு நாள் கடிக்கும், பல் ஒன்றேதான். மூலையில் குழி நம்பர் எழுதி, தேதி எழுதி, பெயர் எழுதிவிட்டாள். மணி நாலு. மேலே காலடிச் சத்தம் கேட்டது.

"எக்கா, முடிஞ்சிட்டா?"

பெனிட்டா குழி விளிம்பில் குத்தவைத்திருந்தாள். கையில் ஒரு ரூபாய்க் காசு, குழிக்கடியில் போடக் கொண்டுவந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு அப்பியிருந்தது, இதை முப்பிடாதி நாலு நாளாகப் பார்க்கவே இல்லை, பெருமையில் மினுமினுக்கிறாள் என்றுதான் பார்த்திருந்தாள். "முடிஞ்சிட்டு" என்று பலகையை மேலே நீட்டினாள்.

பெனிட்டா ரொம்ப நேரம் பார்த்தாள். தாளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். "எக்கா, இங்கன ஒண்ணு இருந்துல்லா?"

"எங்கன?"

"சாம்பலுக்குள்ள. சரிவா. நண்டு வளை கணக்கா."

பார்த்திருக்கிறாள். இதையும் பார்த்திருக்கிறாள். முப்பிடாதியின் தியாகத்தைக்கூட விட்டுவைக்காமல், நீ மறைத்துவைத்தது இதுதானே என்று எடுத்து நீட்டுகிறாள். பார்த்தேன், விட்டேன் என்று சொன்னால் களவாணி. பார்க்கவில்லை என்றால் குருடி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வேரைக்கூட விடாத கண்.

"நான் ஒண்ணும் பாக்கலயே" என்றாள்.

"நெசமாவா எக்கா?" பெனிட்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா! மாதாவே! மூணு நாளா எனக்கு உறக்கம் கெடையாது எக்கா. ஓடு எடுத்த மறுநாளே கண்ணுல பட்டுது. சார்ட்ட சொல்லத் தைரியம் வரல்ல, அவரு அதுக்குள்ள போன் பண்ணி ஊரெல்லாம் சொல்லியாச்சு. நோட்டுல மட்டும் எழுதி வச்சேன், நண்டு வளையா, எக்கா பாத்துச் சொல்லணும்னு. உங்க கண்ணுக்கே படல்லன்னா அப்ப அது இல்லாததுதானே? என் மனசு பயந்து பேடிச்சதுதான்." இடுப்புப் பையிலிருந்து குழி நோட்டை எடுத்துப் புரட்டினாள். பென்சிலில் எழுதியிருந்த அந்த ஒற்றை வரியைக் காட்டினாள். "உங்க ரப்பரைத் தாங்க எக்கா, அழிச்சிருதேன்."

ரப்பர் முப்பிடாதியின் உள்ளங்கையில்தான் இருந்தது. கொடுத்தால் தீர்ந்தது. வளை தாளிலும் இல்லை, நோட்டிலும் இல்லை, அரைமணி நேரத்தில் சுவரிலும் இருக்காது. இவள் பேச்சை நம்பி இந்தப் பிள்ளை டெல்லி மேடையில் ஏறும், பின்வரிசையில் எவனோ எழுந்து நிற்பான். எவனும் எழுந்திருக்காமல் போனால் இன்னும் மோசம்; ஒரு நண்டு தள்ளின ஓட்டை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க இந்தத் தீவின் சரித்திரத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள். கண், கண் என்றார்களே, அந்தக் கண்ணை வைத்து இவள் செய்த காரியம் இது. கை நீளவில்லை. விரல் ரப்பரை இறுக்கிக்கொண்டது.

"அழிக்காதட்டி" என்றாள். "இருக்கு."

"என்னது?"

"வளை இருக்கு. குழிக்குள்ள எறங்கினதுமே பாத்துட்டேன். மூணு தடவ தண்ணி அடிச்சும் பாத்தாச்சு. நெசந்தான்."

பெனிட்டா நோட்டை மூடி மடியில் வைத்தாள். "பின்ன ஏன் எக்கா விட்டிய?"

"பொறாமை."

"பொறாமைன்னா வரைஞ்சிருப்பியளே?"

"வரைஞ்சாலும் அதான், விட்டாலும் அதான். ரெண்டு மணியிலருந்து இங்க உக்காந்துக்கிட்டு அதைத் தவிர வேற ஒரு வேலையும் நான் பாக்கல." சொல்லிவிட்டு முப்பிடாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒன்னைக் கண்டாலே வயிறு எரியுதுட்டி எனக்கு. நாலு நாளா எரியுது."

தூரத்தில் ஆட்கள் ஐந்தாம் குழிக்கு மண் தள்ளுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டு ஓடிவிட்டாளோ, சாரிடம் போய்விட்டாளோ என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்புறம் மண் சரிந்தது, பெனிட்டா குழிக்குள் இறங்கினாள். காசை விளிம்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. முகம் தொங்கிப்போயிருந்தது, மூன்று ஓடும் கைவிட்டுப் போன முகம். எக்கா என்று கூப்பிடவில்லை. டேப்பின் நுனியை எடுத்து நூலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சார் என்ன சொல்லுவாரு?" என்றாள்.

"கத்துவாரு. மொதல்ல எனக்கு விழும், அப்புறம் ஒனக்கு. நோட்டையும் தாளையும் சேத்தே கொண்டு குடுப்போம்."

முப்பிடாதி தாளில் சாம்பலை இழுத்திருந்த சீரான கோட்டை ரப்பரால் அழித்தாள். நூலிலிருந்து எழுபதில் முதல் புள்ளி. எண்பதில் ஒன்று, தொண்ணூறில் ஒன்று. சந்தேகமான இடத்தில் விட்டு விட்டுக் கோடு போடுவது முறை. அவள் விடாமல் அழுத்திப் போட்டாள். வளை செம்மண்ணுக்குள் போய் முடிகிற இடத்தில் டேப்பை வைத்து உற்றுப் பார்த்தாள்.

"நூத்தி முப்பத்தி ரெண்டு" என்றாள்.

பெனிட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப் பக்கம் குனிந்தாள். "நூத்தி முப்பத்தி ரெண்டரை."

முப்பிடாதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். ரெண்டரைதான். வயிற்றுக்குள் சுருக்கென்று ஒன்று மறுபடியும் பற்றிக்கொண்டது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, ரெண்டரை என்றே எழுதினாள்.